கொட்டேஷன் அனுப்புவதற்கு முன்னால் கடைக்குப் போக வேண்டும்

அச்சகத்தில் இரண்டு ஆண்டுகள் வடிவமைப்பாளராக இருந்துவிட்டு, ஐந்து மாதங்களாகத் தனியாக வேலை எடுத்துச் செய்து வருவதாக எழுதியிருக்கிறீர்கள். விசாரிக்கிறவர்கள் வருகிறார்கள், விலை கேட்கிறார்கள், கொட்டேஷன் அனுப்பியதும் அமைதியாகிவிடுகிறார்கள் என்பது உங்கள் கவலை. திருமங்கலத்தில் மசாலாப் பொடி தயாரிக்கும் ஒருவர் லோகோவும் பாக்கெட் டிசைனும் கேட்டார். நீங்கள் 18,000 ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் கொட்டேஷன் அனுப்பினீர்கள். "பாத்துட்டுச் சொல்றேன் தம்பி" என்ற பதிலோடு மூன்று வாரங்கள் ஓடிவிட்டன. விலையைக் குறைத்து மறுபடியும் அனுப்பலாமா, அல்லது இலவசமாக ஒரு மாதிரி செய்து காட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் பதினான்கு ஆண்டுகளாக இதே தொழிலில் இருப்பவள் என்ற முறையில், இரண்டுமே வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொட்டேஷன் கைக்கு வந்ததும் அந்த மனிதர் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். மிளகாய் வற்றலையும் மல்லியையும் எங்கே என்ன விலைக்கு வாங்க வேண்டும், அரைக்கும்போது எவ்வளவு சேதாரம் போகும், கடைக்காரருக்கு எத்தனை சதவீதம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். "லோகோ 6,000, பாக்கெட் டிசைன் 12,000" என்ற இரண்டு வரிகளை எடைபோட மட்டும் அவரிடம் படிக்கல் கிடையாது. ஆகவே கைக்கு எட்டிய படிக்கல்லை எடுத்து வைக்கிறார்: பக்கத்து ஃப்ளெக்ஸ் கடையில் போர்டு அடித்தால் லோகோவைச் சும்மாவே போட்டுத் தருகிறார்கள். அந்தத் தராசில் நீங்கள் 18,000 என்றாலும் ஏற மாட்டீர்கள், 9,000 என்றாலும் ஏற மாட்டீர்கள். விலையைக் குறைத்தால், முதலில் சொன்ன விலைக்கு அடிப்படையே இல்லை போலிருக்கிறது என்ற சந்தேகம்தான் கூடுதலாக வந்து சேரும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு ஜவுளிக்கடையில். தொழில் தொடங்கிய முதல் ஆண்டு அது. கடைக்குள் கால் வைக்காமலே உரிமையாளரின் மகனிடம் தொலைபேசியில் பேசி, மெல்லிய கோடுகளால் ஆன ஓர் ஆங்கில எழுத்து லோகோவை மூன்று வகையாகச் செய்து எடுத்துக்கொண்டு போனேன். மகனுக்கு மிகவும் பிடித்துவிட்டது. கல்லாவில் இருந்த தந்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இதைக் கட்டைப்பையில அடிச்சா கோடு நிக்குமாம்மா?" என்று கேட்டார். நிற்காது. துணிப்பையில் ஸ்கிரீன் பிரிண்டிங் செய்யும்போது அவ்வளவு மெல்லிய கோட்டில் மை பரவி அடைத்துக்கொள்ளும், அல்லது பாதியில் விட்டுப்போகும். அந்தக் கடைக்கு மேலூர், உசிலம்பட்டி, திருப்புவனம் என்று சுற்றுவட்டாரத்திலிருந்து கல்யாணத்துக்குத் துணி எடுக்க வருகிறார்கள். பேருந்தில் அவர்கள் மடியில் வைத்துக்கொண்டு போகும் பைதான் அந்தக் கடையின் விளம்பரம். அதை அவர் பல ஆண்டுகளாக அறிந்திருந்தார். அரை மணி நேரம் அந்த வாசலில் நின்றிருந்தால் நானும் அறிந்திருப்பேன். அந்த வேலை எனக்குக் கிடைக்கவில்லை.

அன்றிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். யார் விலை கேட்டாலும், "இடத்தைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்று நேரம் வாங்கிக்கொள்வேன். மதுரையில் இதற்கு யாரும் மறுப்பதில்லை. வருகிறேன் என்று சொல்பவரை வரவேண்டாம் என்று சொல்லும் பழக்கம் இந்த ஊரில் இல்லை. நேரத்தை மட்டும் பார்த்துப் போக வேண்டும். ஜவுளிக்கடை என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கூட்டம் குறைந்திருக்கும் நேரம் நல்லது. உணவகம் என்றால் காலைப் பலகாரம் முடிந்து மதியச் சாப்பாட்டுக்கு இலை போடுவதற்கு முந்தைய இடைவெளி. சித்திரைத் திருவிழா நாட்களிலும் தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரங்களிலும் எந்தக் கடைக்காரரிடமும் நேரம் கேட்காதீர்கள்.

போனவுடன் மடிக்கணினியைத் திறந்து பழைய வேலைகளைக் காட்டத் தொடங்கிவிடாதீர்கள். அது உங்களைப் பற்றிய பேச்சு. அவருக்கு இப்போதைக்கு அது தேவையில்லை. அதிகம் ஓடும் சரக்கு எது என்று கேளுங்கள். வாங்குகிறவர் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறாரா, கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்குகிறாரா, யாருடைய பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இவருடைய பாக்கெட் தொங்குகிறது என்று கேளுங்கள். முடிந்தால் அந்தக் கடைகள் இரண்டுக்கு நீங்களே போய்ப் பாருங்கள். பிறகு, போன முறை அச்சடித்ததில் எது வீணாயிற்று என்று கேளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விடப் பயன் தந்திருக்கிறது, ஏனென்றால் பதில் இல்லாத வணிகரை நான் சந்தித்ததே இல்லை. தொலைபேசி எண் தவறாக அச்சான பில் புத்தகம், வெயிலில் ஆறு மாதத்தில் நிறம் வெளுத்த பெயர்ப்பலகை, யூனிகோடில் தட்டச்சு செய்த தமிழைப் பழைய மென்பொருளில் திறந்ததால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகச் சிதறிப்போன நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்று வெளியே வரும். அவர் பணத்தை இழந்த இடம் அது. அந்த இழப்பு மறுபடியும் நேராமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர் என்று உங்களை அவர் நம்பும்போது, உங்கள் விலையை எடைபோடும் படிக்கல் மாறிவிடுகிறது.

மசாலாக்காரர் விஷயத்தில் இதைப் பொருத்திப் பார்க்கலாம். அவர் இப்போது வெற்றுப் பவுச்சில் ஸ்டிக்கர் ஒட்டி விற்கிறாரா, அச்சடித்த பவுச்சுக்கு மாறப் போகிறாரா என்பது முதலில் தெரிய வேண்டும். பெரிய எண்ணிக்கையில் பவுச் அச்சடிக்க கிராவூர் முறையில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு சிலிண்டர் செதுக்க வேண்டும். அந்தச் செலவு முழுவதும் அவருடையது. வண்ணங்களை எண்ணாமல் ஏழு வண்ணங்களில் டிசைன் செய்து கொடுத்தால் ஏழு சிலிண்டர். அதே அழகை நான்கு வண்ணங்களில் கொண்டுவரத் தெரிந்தால் மூன்று சிலிண்டர்களின் பணம் அவருக்கு மிச்சம். சாம்பார்ப் பொடி, மிளகாய்த் தூள், மல்லித் தூள் என்று நான்கைந்து வகை இருந்தால், எல்லாவற்றுக்கும் பொதுவான பின்னணியை வைத்துக்கொண்டு, பெயர் வருகிற வண்ணத்தின் சிலிண்டரை மட்டும் மாற்றும்படி திட்டமிட முடியும். பவுச் அச்சடிப்பவரிடம் நீங்களே ஒரு நாள் போய், சிலிண்டர் என்ன விலை, குறைந்தபட்சம் எத்தனை கிலோ ஃபிலிம் எடுக்க வேண்டும் என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "என் டிசைனால் உங்களுக்கு இத்தனை சிலிண்டர் குறையும்" என்ற ஒரு வாக்கியம், வடிவமைப்பாளர்கள் தங்கள் வேலைகளைக் காட்டும் பெஹான்ஸ் இணையதளத்தில் நீங்கள் ஏற்றி வைத்திருக்கும் இருபது படங்களைவிட அவருக்குத் தெளிவாகப் புரியும்.

அடுத்தது லேபிளில் இருந்தே தீர வேண்டியவை. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் அல்லது பதிவு எண், பச்சைச் சதுரத்துக்குள் பச்சை வட்டமாக வரும் சைவக் குறி, சேர்மானப் பொருட்களின் பட்டியல், நிகர எடை, எல்லா வரிகளும் உள்ளடங்கிய அதிகபட்ச விற்பனை விலை, தயாரித்த மாதமும் ஆண்டும், தயாரிப்பாளரின் முழு முகவரி, நுகர்வோர் தொடர்புக்கான விவரம் ஆகியவை சட்டப்படி தேவை. எடையையும் விலையையும் குறிக்கும் எழுத்துகளுக்குக் குறைந்தபட்ச உயரம் கூட 2011ஆம் ஆண்டின் பொட்டலப் பொருட்கள் விதிகளில் வரையறுக்கப்பட்டிருக்கிறது. இவற்றையெல்லாம் முன்பக்கத்தை அழகாக முடித்துவிட்டுக் கடைசியில் பின்பக்க மூலையில் திணிக்கும் வடிவமைப்பாளர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஏதாவது ஒன்று விடுபட்டு, அச்சடித்த பவுச் முழுவதும் பயன்படாமல் போனால் நட்டம் தயாரிப்பாளருக்கு. நீங்கள் முதல் சந்திப்பிலேயே அவருடைய தற்போதைய பாக்கெட்டைக் கையில் எடுத்து, இவற்றில் எது இருக்கிறது, எது இல்லை என்று பணிவாகச் சுட்டிக்காட்டலாம். குறை சொல்லும் தொனி வந்துவிடக் கூடாது. அந்த லேபிளைச் செய்தவர் அவருடைய தங்கை மகனாகக்கூட இருக்கலாம்.

லோகோ தொடங்குவதற்கு முன்னால் பெயரையும் சரிபார்த்துச் சொல்லுங்கள். வணிகக் குறி (டிரேட்மார்க்) பதிவகத்தின் இணையதளத்தில் யாரும் கட்டணமின்றித் தேடலாம். பொருட்களை வகைவாரியாகப் பிரித்திருக்கும் அந்தப் பதிவில் மசாலாப் பொருட்கள் 30ஆம் வகுப்பில் வருகின்றன. அதே வகுப்பில் அதே பெயரையோ ஒலிப்பில் நெருங்கிய பெயரையோ வேறொருவர் பதிந்திருந்தால், அதை இப்போது அறிவது நல்லதா, பத்தாயிரம் பவுச் அச்சடித்த பிறகு அறிவது நல்லதா என்று அவரே முடிவு செய்வார். தனிநபரோ சிறு நிறுவனமோ இணையவழியில் விண்ணப்பிக்க ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய் கட்டணம். பதிவு 10 ஆண்டுகளுக்குச் செல்லும். விண்ணப்ப வேலையை அதற்குரிய வழக்கறிஞரிடமே விட்டுவிடுங்கள். தேடிப் பார்த்துச் சொல்வது மட்டும் உங்கள் வேலை. கடைப் பெயர்ப்பலகை என்றால், தமிழ்நாட்டில் தமிழ் முதன்மையாகவும், தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் பிற மொழிக்கும் 5:3:2 என்ற விகிதத்திலும் எழுத்துகள் அமைய வேண்டும் என்ற விதி இருப்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்கிறேன்: கோபுரம், மல்லிகை, காளை ஆகிய மூன்றையும் முதலில் யோசனையிலிருந்து நீக்கிவிட்டு வரையத் தொடங்குங்கள். அவை நம் ஊரின் பெருமைகள்தான், ஆனால் நான்கு மாசி வீதிகளையும் ஒரு சுற்று சுற்றி வந்தால் எத்தனை கடைகள் அவற்றை ஏற்கெனவே வைத்திருக்கின்றன என்று தெரியும்.

முடிவெடுப்பவர் யார் என்பதை அறியாமல் எத்தனையோ வேலைகள் நின்றுபோகின்றன. நம் பக்கத்துத் தொழில்கள் பெரும்பாலும் குடும்பத் தொழில்கள். உங்களைக் கூப்பிட்டுப் பேசுவது இன்ஸ்டாகிராம் பார்க்கும் மகனாகவோ மருமகளாகவோ இருப்பார். பணம் கொடுப்பது தந்தையாக இருப்பார். "இது நம்ம கடை மாதிரி இல்லையே" என்று ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி வைப்பது பெரியப்பாவாக இருப்பார். ஆகவே, விலை பேசும் நாளில் இவர்கள் எல்லோரும் இருக்கும்படி கேட்டுக்கொள்வது அவசியம். "அப்பாவும் இருக்கும்போது வருகிறேன், ஒரே தடவையில் பேசிவிடலாம்" என்று சொன்னால் யாரும் தவறாக நினைப்பதில்லை. பெரியவரிடம் முதலில் தொழில் தொடங்கிய கதையைக் கேளுங்கள். அதில் கிடைக்கும் ஒரு சொல்லோ நிறமோ பல முறை எனக்கு லோகோவாகவே மாறியிருக்கிறது.

இவ்வளவுக்கும் பிறகுதான் கொட்டேஷன். அதைத் தமிழில், ஒன்றரைப் பக்கத்துக்கு மிகாமல், அச்செடுத்துக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். முதல் பத்தி முழுவதும் அவர் சொன்னதாகவே இருக்கட்டும்: இன்ன பொருள், இன்ன ஊர்களில் விற்கிறது, இன்ன சிக்கல் இருக்கிறது, அடுத்த ஆறு மாதத்தில் இன்னது செய்ய நினைக்கிறார். பிறகு நீங்கள் என்னென்ன செய்து தருவீர்கள், எத்தனை மாதிரிகள், எத்தனை முறை திருத்தம், எந்தெந்தக் கோப்பு வடிவங்கள், என்னென்ன இதில் அடங்காது என்பவை வர வேண்டும். விலையை ஒற்றைத் தொகையாகப் போடாமல் இரண்டு நிலைகளாகக் கொடுப்பது என் வழக்கம். சிறிய தொகைக்கு லோகோவும் ஒரே அளவிலான ஸ்டிக்கரும்; பெரிய தொகைக்கு எல்லா வகைகளுக்கும் பவுச், அட்டைப்பெட்டி, அச்சகத்தில் முதல் அச்சு ஓடும்போது நேரில் நின்று நிறம் பார்த்துக் கொடுப்பது. இப்படிக் கொடுத்தால் அவருடைய யோசனை, கொடுக்கலாமா வேண்டாமா என்பதிலிருந்து எதைக் கொடுக்கலாம் என்பதற்கு நகர்கிறது. பேரம் பேசினால் விலையை மட்டும் குறைக்காமல் வேலையிலும் ஒன்றைக் குறையுங்கள்.

அட்வான்ஸ் பாதித் தொகை வாங்காமல் தொடங்காதீர்கள். வெள்ளிக்கிழமையும் மாலை விளக்கு வைத்த பிறகும் பணம் வெளியே கொடுக்காத வணிகர்கள் இங்கே நிறைய உண்டு. அந்த நேரத்தில் கேட்டால் கேட்டவர்மீது வருத்தம் வரும். மீதித் தொகை வந்த பிறகே மூலக் கோப்புகள் என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்துடன் இருந்தால்தான் செல்லும். காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டுகளுக்கும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் அந்தச் சட்டம் கொள்கிறது. எனவே "முழுத் தொகையும் பெற்றதும் இந்த லோகோவின் உரிமை முழுவதும், காலவரையறை இன்றி, உலகம் முழுவதற்கும் உங்களுக்கு மாற்றித் தரப்படும்" என்று எழுதினால், அது உங்களுக்கும் காவல், அவருக்கும் காவல். ஆண்டு வருவாய் 20 லட்சம் ரூபாயைத் தாண்டும்வரை உங்கள் சேவைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. பதிவு இல்லாமல் பில்லில் ஜிஎஸ்டி சேர்த்து வாங்கவும் கூடாது. குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவை மட்டும் இப்போதே செய்துகொள்ளுங்கள், கட்டணம் இல்லை. மருத்துவமனை, கல்லூரி போன்ற பெரிய இடங்களில் பணம் இழுபட்டால், பதிவு செய்த சிறு நிறுவனத்துக்கு அதிகபட்சம் 45 நாட்களில் பணம் கொடுக்க வேண்டும் என்ற 2006ஆம் ஆண்டுச் சட்டம் உங்களுக்குத் துணையாக நிற்கும்.

இலவச மாதிரியைப் பற்றிக் கேட்டீர்கள். அவருடைய தொழிலை அறியாமல் செய்யும் மாதிரி, அவருக்குப் பிடித்தாலும் தவறாகவே இருக்கும் என்பதுதான் என் முதன்மையான மறுப்பு. உழைப்பு வீணாவது அதற்கு அடுத்த கவலை. காட்ட வேலை போதவில்லை என்றால், நீங்களாகவே ஒரு சிக்கலைத் தேர்ந்தெடுத்துச் செய்து வைத்துக்கொள்ளுங்கள். சுங்குடிச் சேலைக்கு 2005இலேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனாலும் அது எப்படி முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றப்படுகிறது என்று வாங்குகிறவருக்குச் சொல்லும் ஒரு நல்ல அட்டைத்தாள் பல கடைகளில் இல்லை. அதைச் செய்து, உண்மையான அளவில் அச்செடுத்து, கையில் வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசித் திரையில் காட்டுவதைவிடத் தொட்டுப் பார்க்கக் கொடுப்பது நல்லது.

வேலை வரும் வழிகளில் எனக்கு அதிகம் தந்தவை மூன்று: ஃப்ளெக்ஸ் கடைக்காரர்கள், சிவகாசி அச்சகங்கள், ஆடிட்டர் அலுவலகங்கள். ஃப்ளெக்ஸ் கடையைப் போட்டியாக எண்ணாதீர்கள். அங்கே ஒரு நாளைக்கு ஐம்பது போர்டு ஓட்டுகிறவருக்கு ஒரு லோகோவில் நான்கு நாள் உட்கார நேரம் இல்லை. அப்படிப்பட்ட வேலை வரும்போது, கோப்பைச் சரியான அளவில், ஃபான்ட் இல்லாத கணினியிலும் மாறாதபடி எழுத்துகளை அவுட்லைன் (கோட்டு வடிவம்) ஆக்கி, சிக்கலின்றிக் கொடுக்கிறவரிடம்தான் அனுப்புவார். புதிதாக நிறுவனம் பதிகிறவர் முதலில் போகும் இடம் ஆடிட்டர் அலுவலகம். காலத்தையும் கணக்கில் கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புதுக் கடை திறப்பவர்கள் குறைவு. ஆவணியிலும் தையிலும் திறக்கப் போகிறவர்களிடம் ஒன்றிரண்டு மாதங்கள் முன்பே பேசியிருக்க வேண்டும். சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர் ஆல்பங்கள் ஆடிப்பெருக்கு அன்றே வெளியாகிவிடுகின்றன. தீபாவளி இனிப்புப் பெட்டியின் டிசைனைப் புரட்டாசியில் பேசத் தொடங்கினால் அச்சகத்தில் இடம் கிடைக்காது. இணையதளங்கள் வழியாக வெளிநாட்டு வேலைகளும் எடுக்கலாம். அப்படி வேலை பிடித்துத் தரும் ஃபைவர் தளம் 20 சதவீதம் பிடித்துக்கொள்ளும் என்பதைச் சேர்த்து விலை சொல்லுங்கள். அங்கே நேரில் போய்ப் பார்க்க வழியில்லை என்பதால், கேள்விகளை இன்னும் கவனமாக எழுதிக் கேட்க வேண்டும்.

இனித் திருமங்கலத்தாருக்கு என்ன செய்வது? கொட்டேஷனைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாமல், "அண்ணாச்சி, உங்கள் பாக்கெட்டைக் கடையில் பார்த்தேன், இரண்டு விஷயங்கள் சொல்ல வேண்டும், புதன்கிழமை காலையில் வரலாமா?" என்று தொலைபேசியில் கேளுங்கள். அதற்கு முன் உண்மையிலேயே இரண்டு கடைகளில் அவருடைய பாக்கெட்டை விலை கொடுத்து வாங்கி, பக்கத்தில் தொங்கும் மற்ற இரண்டு பாக்கெட்டுகளையும் வாங்கிக்கொள்ளுங்கள். நான்கையும் அவர் மேசையில் வரிசையாக வைத்து, கடைக்காரர் என்ன சொன்னார் என்பதைச் சொல்லிவிட்டு, அவரைப் பேச விடுங்கள். அன்று விலை பேச வேண்டாம். இரண்டு நாள் கழித்துப் புதிய கொட்டேஷனை எடுத்துக்கொண்டு போகும்போது, தொகை 18,000 ஆகவே இருக்கலாம், வேலை பெரியது என்று தெரிந்தால் 25,000 ஆகக்கூட இருக்கலாம். "வளர்பிறையில ஒரு நல்ல நாள் பாத்து அட்வான்ஸ் தர்றேன்" என்று அவர் சொன்னால், அதைத் தட்டிக்கழிப்பு என்று எடுத்துக்கொள்ளாமல், சுவரில் இருக்கும் காலண்டரைப் பார்த்து அங்கேயே தேதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.